புதுவை ஈன்ற பிரெஞ்சு நடிகை

1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவையில் ஒரு மூவண்ணக் கொடி இறங்கியது. மற்றொரு மூவண்ணக் கொடி ஏறியது. அன்று ஆட்சி கைம்மாறிற்றேயன்றிச் சட்டப்படியான உரிமை மாறிவிடவில்லை. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வெகு தாமதமாகக் கிடைத்து, 1962 ஆகஸ்டு 16ஆம் நாளன்றுதான் புதுவை முற்றிலும் இந்தியாவுடையதாயிற்று. அவ்வொப்பந்தம் இம்மண்ணின் மக்களுக்கு ஒரு விந்தையான உரிமையை வழங்கியது. விரும்புவோர் ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். சில ஆயிரம் பேர் அவ்வாறே செய்தனர். இந்தோசீனாவிலும் பிற இடங்களிலும் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றுத் திரும்பியவர்களைப் புதுவை மக்கள் 'சொல்தா' என்றழைத்தனர். தோற்றத்தாலும் தாய்மொழியாலும் தமிழராய், சட்டைப் பையிலிருக்கும் கடவுச்சீட்டால் மட்டும் பிரெஞ்சுக்காரராய் வாழ்ந்தவர்கள் அவர்கள். குடியுரிமை என்பது முகத்தில் எழுதப்பட்டதன்று, தாளில் எழுதப்படுவது என்பதை இவ்வூர் அன்றே அறிந்திருந்தது.

இதற்கு நேர் எதிரான நிலை ஒன்றும் உண்டு. தோற்றத்தால் பிரெஞ்சுக்காரர், கடவுச்சீட்டாலும் பிரெஞ்சுக்காரர். ஆயினும் பிறந்த ஊர் புதுவை, குழந்தைப் பருவத்தில் வாயில் புகுந்த மொழிகளுள் தமிழும் ஒன்று. திரைப்பட நடிகையும் நாடக ஆசிரியருமான கல்கி கோச்லின் அத்தகையவர். புதுவையின் எழுத்து வரலாறு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு முதலாகப் பலரால் பேசப்பட்டுவிட்டது. பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்குத் தங்கியிருந்த பத்தாண்டுகளைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்தையே நிரப்பும். புதுவை ஈன்ற இந்த நடிகையைப் பற்றியோ தமிழில் வந்தவை பெரும்பாலும் திரைச்செய்தித் துணுக்குகளே.

1984 சனவரி 10ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இருவரும் பிரான்சு நாட்டினர். அரவிந்தர் நெறியில் ஈடுபாடு கொண்டு இந்தியா வந்தவர்கள். குழந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் திருமாலின் பத்தாம் அவதாரத்துக்கு உரியது. தமிழ்ச் செவிக்கு அப்பெயரில் அவதாரம் முதலில் கேட்பதில்லை, ரா. கிருஷ்ணமூர்த்திதான் கேட்கிறார். அந்தக் கல்கி மறைந்தது 1954 டிசம்பர் 5ஆம் நாள். அதாவது புதுவையில் கொடி மாறிய ஐந்தாம் வாரம். முப்பதாண்டு கழித்து அதே பெயர் அதே ஊரில் ஒரு பிரெஞ்சுப் பெண் குழந்தைக்கு வாய்த்ததில் எந்தத் தொடர்பும் இல்லை. எனினும் பெயர்களில் நாட்டமுடைய தமிழருக்கு இதைச் சொல்லாமல் கடந்து செல்வதும் அரிது. குடும்பப் பெயரை நம் இதழ்கள் கோச்லின் என்றும் கோய்ச்லின் என்றும் எழுதி வருகின்றன. பிரெஞ்சு ஒலிப்போ 'கெக்லான்' என்பதை ஒட்டியது. ஈபெல் கோபுரத்தின் முதல் வரைபடத்தை 1884இல் தீட்டிய பொறியாளர் மோரீஸ் கெக்லானின் வழித்தோன்றல் இவர். கோபுரம் பாரிசில் எழுந்தது 1889இல். வரைபடத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து அக்குடும்பத்தின் ஒரு கிளை வங்கக் கடற்கரையில் தளிர்த்தது.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னால் நிற்பது ஆரோவில். பாரிசில் 1878இல் பிறந்து 1920 முதல் புதுவையிலேயே நிலைத்துவிட்ட அன்னை, 1968 பிப்ரவரி 28இல் அந்நகருக்கு அடிகோலினார். 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய அவ்வூரின் பெரும்பகுதி சட்டப்படி தமிழ்நாட்டின் எல்லைக்குள் அடங்கும். பழைய பிரெஞ்சு ஆட்சி பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் எனப் பிரித்து வைத்தது. ஆரோவிலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்களோ ஆள வந்தவர்கள் அல்லர். செம்மண்ணில் மரம் நட வந்தவர்கள். சுற்றியுள்ள சிற்றூர்களோடு அவர்களுக்கு உரசல்களும் இருந்தன, உறவும் இருந்தது. அவர்தம் பிள்ளைகள் அச்சிற்றூர்ப் பிள்ளைகளோடு ஆடிப் பாடித் தமிழ் கற்றனர். அது இலக்கணத் தமிழன்று. தெருத் தமிழ், விளையாட்டுத் தமிழ். கல்கியின் தமிழும் அத்தகையதே.

பின்னர்க் குடும்பம் நீலகிரிக்குச் சென்றது. உதகைக்கு அருகிலுள்ள கல்லட்டியில் தந்தையார் வானில் மிதக்கும் சிறு ஊர்திகளை வடிவமைக்கும் தொழில் நடத்தினார். மகள் உதகையின் ஹெப்ரான் பள்ளியில் பயின்றார். பதினெட்டாம் அகவையில் இலண்டன் சென்று கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் நாடகம் கற்றார். வார இறுதிகளில் உணவகத்தில் பரிமாறும் பணி செய்து செலவுக்குப் பொருள் ஈட்டினார். ஒரு நாடகக் குழுவில் ஈராண்டு நடித்தும் எழுதியும் வந்தார். அக்காலத்தில் அவர் நடித்த நாடகங்களுள் ஒன்று மாரிவோவின் 'வழக்கு'. 1744ஆம் ஆண்டின் பிரெஞ்சு நாடகம் அது. துய்ப்ளேக்சு புதுவையில் ஆளுநராய் இருந்த காலத்தது. புதுவையில் பிறந்த பிரெஞ்சுப் பெண்ணுக்கு அந்நாடகம் இலண்டனில் ஆங்கில வழியாக வந்து சேர்ந்தது என்பது காலத்தின் குறும்பு எனலாம்.

படிப்பு முடிந்ததும் அவர் பிரான்சுக்குச் செல்லவில்லை, இந்தியா திரும்பினார். சென்னைக்கும் வரவில்லை, மும்பை சென்றார். இம்முடிவு பின்னைய கதை முழுவதையும் தீர்மானித்தது. நாடகமே அவருடைய முதல் அடையாளம். பிரசாந்த் பிரகாஷ் என்பவருடன் இணைந்து அவர் எழுதிய 'எலும்புக்கூட்டுப் பெண்' என்னும் ஆங்கில நாடகம், வடதுருவ இனுயிட் மக்களின் நாட்டார் கதை ஒன்றைத் தழுவியது. சென்னையின் 'தி இந்து' நாளிதழ் வழங்கிய 2009ஆம் ஆண்டின் மெட்ரோபிளஸ் நாடக ஆசிரியர் விருது அதற்குக் கிடைத்தது. நடிகை என்னும் புகழ் பரவிய அதே ஆண்டில் எழுத்தாளர் என்னும் மதிப்பும் கிடைத்தது. அதுவும் தமிழகத் தலைநகரிலிருந்து. ஆங்கில நாடகம் என்பதால் தமிழ் இலக்கிய உலகு அதைப் பொருட்படுத்தவில்லை போலும்.

திரையில் அவர் முதன்முதலாகப் பேசப்பட்டது 2009 பிப்ரவரியில் வெளிவந்த 'தேவ் டி' இந்திப் படத்தால். இயக்கியவர் அனுராக் காஷ்யப். சரத்சந்திரரின் 'தேவதாஸ்' அச்சேறிய ஆண்டு 1917. அதன்பின் அக்கதை இந்தியத் திரையை விட்டு அகன்றதே இல்லை. 1953இல் நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடித்து வந்த 'தேவதாஸ்' தமிழ் மக்களின் நெஞ்சில் இன்றும் வாழ்கிறது. அதில் சந்திரமுகியாக வந்தவர் லலிதா. 1955இல் பிமல் ராய் இந்தியில் எடுத்தபோது சந்திரமுகியானவர் திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா. அந்நடிப்புக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. சந்திரமுகி பார்வதிக்கு நிகரான பாத்திரம், துணைப் பாத்திரமன்று என்று கூறி அவர் அவ்விருதை ஏற்க மறுத்துவிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, அதே சந்திரமுகியின் புதிய வடிவத்துக்காக அதே விருது, அதே 'துணை நடிகை' என்னும் பெயரில், 2010இல் கல்கிக்கு அளிக்கப்பட்டது. தமிழ் நிலத்தில் பிறந்த இரு பெண்கள். ஒருவர் மறுத்தார், ஒருவர் பெற்றுக்கொண்டார். ஏற்றதில் குறையொன்றும் இல்லை. முதற் படத்து நடிகைக்கு மறுக்கும் வலிமை ஏது?

'தேவ் டி'யின் சந்திரமுகி பிறப்பால் கணிகையல்லள். லெனி என்னும் பள்ளி மாணவி. காதலன் கைப்பேசியில் எடுத்த காட்சி ஊரெங்கும் பரவ, தந்தை தற்கொலை செய்துகொள்ள, உறவினர் கைவிட, தில்லியின் ஒரு சந்தில் சந்தா என்னும் பெயரோடு தொழிலுக்கு வருகிறாள். பகலில் கல்லூரிப் படிப்பைத் தொடர்கிறாள். 2004இல் தில்லிப் பள்ளி ஒன்றைச் சுற்றி எழுந்த உண்மை நிகழ்ச்சியின் நிழல் இக்கதையில் விழுந்துள்ளது. 'சந்தா' என்னும் பெயரையே அவள் 'தேவதாஸ்' படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்துகொள்கிறாள். சரத்சந்திரரின் தேவதாஸ் பார்வதியின் வாசலில் மாள்கிறான். இப்படத்தின் நாயகனோ மாளாமல் சந்தாவிடம் வந்து சேர்கிறான். கல்கியின் ஒளிப்படத்தை முதலில் கண்டபோது அவர் இந்தியரல்லர் என்று இயக்குநர் தயங்கியதாகவும், நடிப்புத் தேர்வின் ஒளிப்பதிவைக் கண்டபின் மனம் மாறியதாகவும் கூறுவர். அவருக்கு அப்போது இந்தி சரளமாக வாராது. ஆனால் வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பல மொழிகளில் பேசும் சந்தாவுக்குத் தமிழும் வரும். புதுவையில் பிறந்தவரின் தமிழ் இந்தியத் திரையில் ஒலித்தது இவ்விடத்தில்தான். அதுவும் ஓர் இந்திப் படத்தில், விலைமகளின் வாயில். தமிழ்ச் சுவைஞர் முகஞ்சுளிக்கலாம். எனினும் அக்காட்சியில் மொழி என்பது பிழைப்புக்கான கருவியாக நிற்கிறது. நாகரிகம் பேசும் ஆடவர் யாவரும் தத்தம் தாய்மொழியிலேயே இழிவைத் தேடுகின்றனர் என்பதைச் சொற்பொழிவின்றிக் காட்டிய காட்சி அது.

இத்தகைய தொடக்கத்தில் ஒரு கேடும் இருந்தது. இந்தித் திரையுலகு வெள்ளைத் தோலுடைய பெண்ணுக்கு ஒதுக்கி வைத்த இடங்கள் சிலவே. 1935இல் 'ஹன்டர்வாலி'யில் சாட்டையேந்தி வந்த நாடியா, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தவர், ஒரு விதிவிலக்கு. அவருக்குப் பின்னர் வெள்ளைப் பெண் என்றால் விருந்துக் கூட்டத்தில் ஆடுபவள், அல்லது நாயகனை மயக்க முயன்று தோற்பவள். கல்கிக்கும் அவ்வழியே பெரிதும் திறந்திருந்தது. அவர் கண்ட மாற்று வழி, தமக்கான பாத்திரத்தைத் தாமே எழுதுவது. 'மஞ்சள் காலணிப் பெண்' என்று தமிழில் சொல்லத்தக்க 'தட் கேர்ள் இன் யெல்லோ பூட்ஸ்' படத்தின் திரைக்கதையைக் காஷ்யப்புடன் சேர்ந்து அவர் எழுதினார். பதின்மூன்றே நாளில் படமாக்கப்பட்டு, 2010இல் வெனிஸ், டொரொன்டோ விழாக்களில் காட்டப்பட்டு, 2011இல் இந்தியத் திரைக்கு வந்தது. ரூத் என்னும் ஆங்கிலப் பெண் தன்னை விட்டுச் சென்ற தந்தையைத் தேடி மும்பை வந்து, வேலை செய்ய அனுமதியின்றி உடல் பிடித்துவிடும் நிலையம் ஒன்றில் பணிபுரிகிறாள். தங்கும் அனுமதியை நீட்டிக்க அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைகிறாள். படத்தின் முடிவு கொடூரமானது. அதை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அலுவலக மேசைக்கு முன் முகத்தில் எதையும் காட்டாது நிற்கும் ரூத்தின் நிற்பு நினைவில் தங்குகிறது. தாளால் ஆன குடியுரிமையைப் பற்றி நன்கறிந்த ஊரில் பிறந்தவருக்கு அந்நிற்பு எளிதில் வந்திருக்கும்.

2011 அவருக்குப் பெருவழக்கான ஆண்டு. பிஜோய் நம்பியாரின் 'ஷைத்தான்', சோயா அக்தரின் 'ஜிந்தகி நா மிலேகி தொபாரா' என அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. 2013இல் வந்த 'யே ஜவானி ஹை திவானி' வாணிக வெற்றியில் மிகப் பெரியது. அதில் அவர் ஏற்ற அதிதி என்னும் பாத்திரத்துக்கு வெளிநாட்டார் என்ற விளக்கமே தரப்படவில்லை. விளக்கம் இல்லாமலிருப்பதே ஒரு வெற்றி. இவற்றினூடே 2012இல் திபாகர் பானர்ஜியின் 'ஷாங்காய்' வெளிவந்தது. கிரேக்க எழுத்தாளர் வாசிலிஸ் வாசிலிகோஸின் 'இசட்' புதினமே அதன் மூலம். அப்புதினத்தைக் கோஸ்தா காவ்ராஸ் 1969இல் பிரெஞ்சு மொழியில் படமாக்கி உலகப் புகழ் பெற்றார். அரசியல் படுகொலையை மூடி மறைக்கும் அரசின் கதை. இந்தி வடிவத்தில் கொல்லப்படும் பேராசிரியரின் மாணவியாகக் கல்கி வருகிறார். பாத்திரத்தின் சினம் நன்கு வெளிப்பட்டாலும், அவளுக்கெனத் தனி வாழ்வைத் திரைக்கதை போதுமான அளவு தரவில்லை என்றே கூற வேண்டும்.

அவர்தம் நடிப்பின் உச்சம் சோனாலி போஸ் இயக்கிய 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா'. 2014 செப்டம்பரில் டொரொன்டோ விழாவில் முதலில் காட்டப்பட்டு, 2015 ஏப்ரலில் இந்தியாவில் வெளியானது. பெருமூளை வாதத்தால் கைகால் கட்டுப்பாடும் பேச்சுத் தெளிவும் குறைந்த லைலா என்னும் தில்லிக் கல்லூரி மாணவியின் கதை. இயக்குநரின் உறவினரும் மாற்றுத்திறனாளர் உரிமைக்காக எழுதி வருபவருமான மாலினி சிப்பின் வாழ்வு இதற்குத் தூண்டுகோல். கல்கி பல மாதங்கள் சக்கர நாற்காலியில் பழகி, பேசும் முறையைக் கேட்டுக் கேட்டுப் பயின்றார். லைலாவின் தாயாக வருபவர் ரேவதி. தமிழ்த் திரை வளர்த்த நடிகை மராட்டியத் தாயாகவும், புதுவையில் பிறந்த பிரெஞ்சுக்காரர் அவர் மகளாகவும் நடிக்க, இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர் என ஐயமின்றி நம்பும்படி அமைந்தது. மகளைக் குளிப்பாட்டித் தலைவாரும் தாயின் கையில் ஒரு சலிப்பும் ஒரு காதலும் ஒருங்கே தெரிகின்றன. தாய் நோயுற்றபின் அப்பணி மகளின் நடுங்கும் கைக்கு மாறுகிறது.

இம்மலரைப் படிக்கும் கவிஞர்கள் அப்படத்தில் தவறாது காண வேண்டிய காட்சி ஒன்றுண்டு. லைலா பாடலாசிரியை. கல்லூரி இசைக் குழுவுக்கு அவள் பாடல் எழுதித் தர, அக்குழு போட்டியில் முதற்பரிசு பெறுகிறது. பரிசளிக்கும் அம்மையார் மேடையில் நின்று, பாடலை எழுதியவர் உடற்குறை உடையவர் என அறிந்ததும் பரிசு இவர்களுக்கே என்று முடிவு செய்ததாகப் பெருமிதத்துடன் கூறி, ஒலிவாங்கியை லைலாவிடம் நீட்டி, அவள் பட்ட துன்பத்தைப் பேசச் சொல்கிறார். லைலா பேசவில்லை. நடுவிரலை உயர்த்திக் காட்டுகிறாள். நயமற்ற செய்கைதான். ஆனால் தன் பாட்டு பாட்டாக மதிக்கப்படவில்லை, பரிதாபமாக மதிக்கப்பட்டது என்று உணர்ந்த ஒரு கவிஞர் வேறென்ன செய்ய இயலும்? கவியரங்கில் 'இவர் பெண்', 'இவர் உழவர்', 'இவர் பார்வையற்றவர்' என்னும் முன்னுரையோடு அழைக்கப்பட்டு, அம்முன்னுரைக்கே கைத்தட்டல் பெற்றுத் திரும்பியவர்கள் நம்மிடையேயும் உளர்.

எஸ்டோனியாவின் தாலின் நகரத் திரைவிழாவில் அவருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. இந்திய அரசின் 63ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில், 2015ஆம் ஆண்டுக்கான நடுவர் குழுவின் சிறப்பு விருதும் கிடைத்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உடைய ஒருவர் இந்திய நாட்டின் விருதைப் பெற்றார். அந்த முரணைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை என்பது நல்ல அறிகுறி. வேறொரு கேள்வி எழுந்தது, அது நியாயமானது. உடற்குறை உடைய பாத்திரத்துக்கு உடற்குறை உடைய நடிகையையே தேடியிருக்கலாகாதா? எவ்வளவு நுண்மையாக நடித்தாலும் படப்பிடிப்பு முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நடக்க வல்லவர் கல்கி. தம் தோற்றத்தின் பொருட்டுப் பாத்திரங்கள் மறுக்கப்பட்டவர், மற்றொருவருக்குரிய இடத்தில் அமர்ந்தார் என்று கூறுவோரின் வாதத்தை நடிப்பின் சிறப்பு ஒன்றைக்கொண்டே மறுத்துவிட முடியாது.

அதன்பின் வந்த படங்களுள் அனு மேனனின் 'வெயிட்டிங்', கொங்கணா சென் சர்மாவின் 'எ டெத் இன் தி கஞ்ச்' ஆகிய இரண்டும் நிலைத்து நிற்பவை. முன்னதில் கொச்சியின் மருத்துவமனையில் நினைவிழந்த கணவனுக்காகக் காத்திருக்கும் இளம் மனைவி. உடன் காத்திருக்கும் முதியவர் நசீருதீன் ஷா. பின்னது ஆங்கிலோ இந்தியர் குடியேறிய மக்லஸ்கிகஞ்சில் நிகழ்வது. 'கல்லி பாய்', 'மேட் இன் ஹெவன்' ஆகியன 2019இல் வந்தன. 2023இல் வந்த 'கோல்டுபிஷ்' படத்தில், மறதி நோயால் தன்னை இழந்துவரும் இந்தியத் தாயிடம் திரும்பும் பாதி ஆங்கிலேய மகளாக வருகிறார். தாய் தீப்தி நாவல். அவருடைய மணவாழ்வும் மணமுறிவும் இதழ்களில் அளவுக்கு மீறிப் பேசப்பட்டவை. கலையை அறிய அவை துணைசெய்வதில்லை.

எழுத்து அவரை விட்டு நீங்கவில்லை. 2013இல், வன்கொடுமைக்குப் பெண்ணின் உடையும் நடையுமே காரணம் என்று கூறுவோரை எள்ளி நகைக்கும் 'இட்ஸ் யுவர் ஃபால்ட்' என்னும் காணொளியில் நடித்தார். முகத்தில் புன்னகை மாறாமல், 'எல்லாம் உன் பிழையே' என்று பெண்களுக்கு அறிவுரை கூறும் அங்கதம் நாடெங்கும் பரவியது. 2016இல் 'அச்சு இயந்திரம்' என்று பொருள்படும் 'பிரின்டிங் மெஷின்' என்னும் கவிதையைத் தாமே எழுதித் தாமே நிகழ்த்தினார். நாள்தோறும் செய்தித்தாள் அச்சாகும் ஓசையை வாயால் எழுப்பி, அவ்வோசைக்கு இடையே பெண்கள் மீதான கொடுமைகள் தலைப்புச் செய்திகளாய் உருண்டு வருவதை ஆங்கிலத்தில் சொல்லும் படைப்பு. தாளில் படித்தால் மெலிந்த கவிதை என்றே தோன்றும். அவர் குரலில் கேட்டால் இயந்திரத்தின் ஓட்டம் நெஞ்சை அழுத்துகிறது. கவியரங்க மரபில் வளர்ந்த தமிழருக்கு இவ்வேறுபாடு புதிதன்று. மேடையில் இடி முழக்கமாய் ஒலித்து, நூலில் நீர்த்துப் போன பாடல்கள் எத்தனை! தாய்மை பற்றிய 'தி எலிஃபன்ட் இன் தி வூம்ப்' என்னும் அவர் நூல் 2021இல் வெளிவந்தது. கருவுற்ற காலத்தின் குமட்டலையும் அச்சத்தையும் மறைக்காமல் எழுதியமை அதன் சிறப்பு.

இனி, தமிழ்த் திரை இவருக்கு என்ன செய்தது?

இக்கேள்வியைக் கேட்க மற்ற ஊரினரைக் காட்டிலும் புதுவையாருக்கு உரிமை மிகுதி. பாவேந்தர் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸாரால் 'பொன்முடி' என்னும் படமாயிற்று. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். 1935இல் இந்தியா வந்து, 'சதி லீலாவதி', 'சகுந்தலை', 'மீரா', 'மந்திரி குமாரி' என அடுத்தடுத்துத் தமிழ்ப் படங்களை இயக்கியவர், தமிழ் அறியாதவர். புதுவைக் கவிஞரின் காவியத்தை மொழி தெரியாத வெள்ளையர் ஒருவரின் கையில் ஒப்படைக்கத் தமிழ்த் திரையுலகம் அன்று தயங்கவில்லை. மொழியறியாமை தடையாகாத இவ்வழக்கம் பிற்காலத்தில் கதாநாயகிகளுக்கும் பரவியது. வடநாட்டிலிருந்து வந்தவர் வாயசைக்க, இரவல் குரல் பேசும். 2015இல் வந்த 'ஐ' படத்தில் தமிழ்நாட்டு விளம்பர அழகியாக வந்தவர் மான் தீவில் பிறந்த எமி ஜாக்சன், குரல் மற்றொருவருடையது. எமி ஜாக்சன் மீது பிழையில்லை; அவர் உழைத்துப் பெயர் பெற்றவர். வியப்பு என்னவெனில், தமிழ் தெரியாத வெள்ளைப் பெண்ணைத் தமிழ்ப் பெண்ணாகக் காட்ட இத்தனை முயற்சி எடுத்த திரையுலகம், தமிழ் தெரிந்த வெள்ளைப் பெண் ஒருவர் இந்திப் படத்தில் விருது பெற்று ஒன்பதாண்டு ஆன பின்னரே அவரைத் தேடிச் சென்றது என்பதே.

2019 ஆகஸ்டில் எச். வினோத் இயக்கிய 'நேர்கொண்ட பார்வை' வெளியாயிற்று. 'பிங்க்' என்னும் இந்திப் படத்தின் தமிழாக்கம். பெண்ணின் 'வேண்டாம்' என்னும் சொல்லுக்கு மதிப்புக் கேட்கும் கதை. 'எல்லாம் உன் பிழையே' என்னும் அங்கதத்தை நடித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் படம் வாய்த்திராது. ஆனால் அவருக்குக் கிடைத்தது ஒரு பாட்டு. 'காலம்' என்னும் அப்பாடலில் யுவன் சங்கர் ராஜாவோடு மேடையில் தோன்றி மறைகிறார். பாடிய குரல் அவருடையதன்று. படம் பேசிய பொருளை ஆண்டுக்கணக்கில் பேசி வந்த பெண், அப்படத்தில் ஒரு சொல்லும் பேசாமல் ஆடிவிட்டுச் சென்றார்.

அடுத்து 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பு. அதில் விக்னேஷ் சிவன் இயக்கிய 'லவ் பண்ணா உட்றணும்' என்னும் பகுதியில், சாதிவெறி பிடித்த தந்தையின் ஊருக்கு நகரத்திலிருந்து திரும்பும் மகளாக அஞ்சலி. உடன் வரும் தோழி பெனலோப்பியாகக் கல்கி. தந்தையிடமிருந்து தப்ப, தானும் பெனலோப்பியும் காதலர் என்று மகள் பொய் சொல்கிறாள். ஆணவக் கொலையும் நகைச்சுவையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும் படைப்பு அது. தமிழ்த் திரை அவரை அந்நிய முகமாகவே கண்டது. முகத்துக்குப் பின்னால் இருந்த ஊரை அது கேட்கவில்லை. ஆரோவில் செம்மண் பாதையில் பிள்ளைகளோடு பிள்ளையாய் ஓடிய ஒருத்தியைப் பற்றிய கதை, புதுவையிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் கிடக்கிறது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழ்க் கிழவர் ஒருவரும் பிரெஞ்சு முகத்தோடு தமிழ் பேசும் பெண் ஒருத்தியும் ஒரே தெருவில் எதிர்ப்படும் கதையை எழுத வல்ல பேனாக்கள் இவ்வூரில் இல்லாமலில்லை.

விஷ்ணுவர்தன் இயக்கிய 'நேசிப்பாயா' 2025 பொங்கலன்று வெளியாயிற்று. ஆகாஷ் முரளியும் அதிதி ஷங்கரும் முதன்மைப் பாத்திரங்கள். கதை பெரும்பாலும் போர்ச்சுகலில் நடக்கிறது. வழக்கறிஞராகக் கல்கி வருகிறார். நான்கு நாள் முன்னர்த்தான் அவருக்கு நாற்பத்தொன்று நிறைந்திருந்தது.